பரண்ல கெடக்குற ரேடியோ கான்சர்ட் கேசட்ட கம்ப்யூட்டருக்கு ஏத்துறது எப்படி

மொத வேலை, கேசட்டோட முதுகுல ரெண்டு மூலையிலயும் சின்னதா ஒரு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும் பாருங்க, அத ஸ்க்ரூ டிரைவர் முனையால ஒடிச்சு விட்ருங்க. ஏ சைடுக்கு ஒண்ணு, பி சைடுக்கு ஒண்ணு. அது ஒடிஞ்சிட்டா எந்த டெக்கும், அதாவது கேசட் ஓட்டுற மெஷினும், அந்த கேசட்ல ரெக்கார்ட் பண்ணாது. இத்தன வருசம் பரண்ல வெயில்லயும் தூசியிலயும் தப்பிச்ச டேப்பு, கீழ எறக்குன அன்னிக்கு யாரோ ஒரு சின்னப் பய பிளே பட்டனோட சேத்து சிவப்பு பட்டனையும் அமுக்கி அழிஞ்சு போச்சுன்னா அத திரும்ப கொண்டார முடியாது. அதனால டெக்க தேடுறதுக்கு முன்னாடி இத முடிச்சிருங்க.

இது யாருக்குன்னா, வீட்ல சித்தப்பாவோ மாமாவோ 70கள்லயும் 80கள்லயும் ரேடியோவுல இருந்து புடிச்ச இங்கிலீஷ் ராக் கான்சர்ட் கேசட்டு வச்சிருக்கறவங்களுக்கு. மதுரையில அப்படி யாருய்யா வச்சிருக்கான்னு கேக்கலாம், இருக்கு. எங்கிட்டெல்லாம் இருந்து வந்துச்சுன்னு யோசிச்சா வழி நாலஞ்சு தெரியும். ஷார்ட் வேவ் ரேடியோ வச்சு ராத்திரி முழிச்சு புடிச்சவங்க ஒரு கூட்டம். கொடைக்கானல்ல இன்டர்நேஷனல் ஸ்கூல் இருக்கு, அது 1901லயே தொடங்குனது, அங்க அமெரிக்கப் பிள்ளைக நெறைய படிச்சாங்க, ஊருக்குப் போய்ட்டு வர்றப்ப கேசட்டும் கூட வரும். அமெரிக்கன் காலேஜுக்கு வெளிநாட்டுல இருந்து வாத்தியாரா வந்து ஒண்ணு ரெண்டு வருசம் இருந்துட்டுப் போன ஆளுக உண்டு. சவூதி, குவைத்துன்னு போன சொந்தக்காரங்க கொண்டாந்தது உண்டு. இதுல எது வந்தாலும் கடைசியில ரெக்கார்டிங் சென்டர்ல குடுத்து காப்பி போட்டு நாலு பேருக்கு போயிருக்கும். உங்க கையில இருக்கறது இதுல எந்த ரகம்ங்கறத கண்டுபுடிக்க முடியும், அத பின்னாடி சொல்றேன், எனக்கு இந்த மொத்த வேலையிலயும் புடிச்ச பார்ட்டே அதுதான்.

டெக்குல போடுறதுக்கு முன்னாடி உள்ள இருக்கறது என்னன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டா நல்லது, இல்லன்னா வெட்டக் கூடாதத வெட்டிருவீங்க.

அமெரிக்காவுல 60கள் கடைசியில எஃப்.எம் ஸ்டேஷன்க ராக் பக்கம் திரும்புனாங்க. எஃப்.எம்ல ஸ்டீரியோ வரும், இரைச்சல் கம்மி, அதனால மேடையில நடக்கறத அப்படியே வீட்டுக்கு அனுப்பலாம்னு ஆச்சு. 1970 நவம்பர் 17ஆம் தேதி நியூயார்க்ல ஒரு ஸ்டூடியோவுல நூறு பேர் போல உக்கார வச்சு எல்டன் ஜான் வாசிச்சத டபிள்யூ.ஏ.பி.சி எஃப்.எம் நேரடியா போட்டுச்சு, கேட்டவங்க டேப்புல புடிச்சு சுத்த விட்டாங்க, அடுத்த வருசம் கம்பெனியே அத ஆல்பமா வெளியிட்டுச்சு. 1973 பிப்ரவரி 18ல கிங் பிஸ்கட் ஃபிளவர் அவர்னு ஒரு நிகழ்ச்சி தொடங்குச்சு, ஞாயித்துக்கிழம ராத்திரி ஒரு மணி நேரம், நாடு பூராவும் நெறைய ஸ்டேஷன்ல. மொத நிகழ்ச்சியிலயே புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவும் இருந்தாங்க. அதே ஸ்பிரிங்ஸ்டீன் 1978 டூர்ல லாஸ் ஏஞ்சல்ஸ், கிளீவ்லாண்ட், பஸைக், அட்லாண்டா, சான் பிரான்சிஸ்கோன்னு அஞ்சு கச்சேரிய ரேடியோவுல நேரடியா விட்டாரு. கிளீவ்லாண்ட் கச்சேரி ஆகஸ்ட் 9ஆம் தேதி அகோரா ஹால்ல, டபிள்யூ.எம்.எம்.எஸ் ஸ்டேஷனோட பத்தாவது ஆண்டுக்காக நடந்தது, பக்கத்து ஊர் ஸ்டேஷன்களும் அத வாங்கி போட்டுச்சு. இங்கிலாந்துல பி.பி.சி ரேடியோ 1ல இன் கான்சர்ட் நிகழ்ச்சி 1970லயே தொடங்கிருச்சு, ஆரம்பத்துல ஜான் பீல்ங்கற அறிவிப்பாளர்தான் பேசுனாரு.

நேரடியா விடுறதுன்னா ஹாலுக்கு வெளிய ஒரு ரெக்கார்டிங் வண்டி நிக்கும். மேடை மைக்ல இருந்து வர்ற ஒயர ரெண்டாப் பிரிச்சு ஒண்ணு ஹால் ஸ்பீக்கருக்கும் ஒண்ணு வண்டிக்கும் போகும், வண்டிக்குள்ள தனியா மிக்ஸ் பண்ணி டெலிஃபோன் கம்பெனி லைன்ல ஸ்டேஷனுக்கு அனுப்புவாங்க. அதனாலதான் இந்த டேப்புல கூட்டத்துச் சத்தம் தள்ளி நின்னு கேக்கும், பாட்டு காதுகிட்ட இருக்கும். ஆனா ஒண்ணு, கிங் பிஸ்கட் மாதிரி நிகழ்ச்சிக நேரடி கெடையாது. முன்னாடியே ரெக்கார்ட் பண்ணி, மிக்ஸ் பண்ணி, டேப்பாவோ பிளேட்டாவோ (இசைத்தட்டு) ஸ்டேஷன் ஸ்டேஷனா தபால்ல அனுப்புவாங்க. பி.பி.சியும் தன்னோட நிகழ்ச்சிய இப்படித்தான் பிளேட்டு போட்டு வெளிநாட்டு ஸ்டேஷன்களுக்கு குடுத்துச்சு. அதனால மேல லைவ்னு எழுதியிருக்கு, தேதி போட்டிருக்குன்னு நம்பி உக்காந்துறாதீங்க, அந்தத் தேதி ஒலிபரப்பான தேதியா கச்சேரி நடந்த தேதியான்னு ரெண்டா யோசிங்க.

இங்கதான் என் வாதம். பாட்டு எல்லாம் எங்கயோ நல்ல குவாலிட்டியில கெடைக்கும், அதுக்கு உங்க கேசட்டு வேணாம். உங்க கேசட்ல மட்டும் இருக்கறது அறிவிப்பாளர் பேச்சு, நடுவுல வர்ற சோப்பு விளம்பரம், ஸ்டேஷன் பேரு, மணி சொல்றது, சிக்னல் ஏறி எறங்குறது. எந்த ஊர், எந்த ராத்திரின்னு சொல்லக்கூடிய சாட்சி அதுதான். கிங் பிஸ்கட்காரங்க வச்சிருந்த டேப்புலயே கொஞ்சம் 1982ல தீ விபத்துல போச்சு. அப்படி இருக்கறப்ப பாட்ட மட்டும் வச்சுக்கிட்டு பேச்ச வெட்டி எறியிற ஆளுகளப் பாத்தா எனக்கு வயிறு எரியும். ஒரு நொடி கூட வெட்டாதீங்க.

இப்ப கேசட்ட கையில எடுங்க. ஜன்னல்கிட்ட வெளிச்சத்துல வச்சு பாருங்க. டேப்பு ஓரத்துல வெள்ளையா மாவு தெளிச்ச மாதிரி இருந்தா அது பூஞ்சை, அந்த கேசட்ட மத்ததோட சேக்காதீங்க, டெக்குலயும் போட்றாதீங்க, அது ஹெட்டுல, அதாவது டேப்ப உரசி சத்தத்த எடுக்குற பாகத்துல, ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். நடுவுல டேப்பு ஹெட்டத் தொடுற எடத்துல ஒரு சின்ன பஞ்சுத் திண்டு இருக்கணும். நம்ம ஊர் சித்திர வெயில்ல பரண்ல கெடந்தா அந்தப் பசை காஞ்சு திண்டு உள்ள எங்கயாச்சும் கழண்டு கெடக்கும். திண்டு இல்லாம ஓட்டுனா சத்தம் மங்கலாத்தான் வரும். டப்பா ஸ்க்ரூ போட்டதா இருந்தா நாலஞ்சு ஸ்க்ரூவ கழட்டி ரெண்டு சுருளையும் அப்படியே தூக்கி இன்னொரு நல்ல டப்பாவுக்கு மாத்திறலாம், அதுக்குன்னு ஒரு பழைய பக்திப் பாட்டு கேசட்டு, ஸ்க்ரூ போட்டதாப் பாத்து, எடுத்து வச்சுக்கங்க, அம்மாகிட்ட கேட்டுட்டு. ஒட்டுன டப்பான்னா கத்தி வச்சு ஓரமா பைய நெம்பணும், இதுல அவசரப்பட்டா டேப்பு வெட்டுப்படும்.

வெயில்ல காய வைக்கிறது, அடுப்புகிட்ட வைக்கிறது, ஓவன்ல சூடு காட்டுறது எதுவும் வேணாம். ஓவன் வைத்தியம் சில வகை ஸ்பூல் டேப்புக்கு பண்றது, கேசட்டுக்கு டப்பாவே வளைஞ்சு போகும்.

சி 60ன்னா பக்கத்துக்கு 30 நிமிஷம், சி 90ன்னா 45. சி 120 கையில இருந்தா சாக்கிரத, அந்த டேப்பு ரொம்ப மெல்லிசு, ரீவைண்ட் போட்டு போட்டு நிறுத்துனா இழுபட்டு நாசமாயிரும். எல்லா கேசட்டையும் ஓட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவ கடைசி வரைக்கும் ஓட விட்டு திரும்ப ரீவைண்ட் பண்ணுங்க, வருசக்கணக்கா இறுகிக் கெடந்த சுருள் தளரும். சி 120ஐ மட்டும் பிளேயிலயே ஓட விட்டு தளத்துங்க.

டெக்கு விசயம் கொஞ்சம் நீளமாப் பேசணும். ஆன்லைன்ல விக்கிற யு.எஸ்.பி கேசட் பிளேயர் வாங்காதீங்க, பாக்க வாக்மேன் மாதிரி இருக்கும், வெல கம்மி, ஆனா ஓட்டம் ஆடும், கிட்டார் சத்தம் தண்ணிக்குள்ள கேக்கற மாதிரி நடுங்கும், சில மாடல்ல ஸ்டீரியோவே கெடையாது. வீட்ல இருக்குற டூ இன் ஒன்னும் வேணாம். வேணுங்கறது பழைய ஸ்டீரியோ கேசட் டெக்கு, பின்னாடி லைன் அவுட்டுன்னு ரெண்டு ஓட்ட இருக்கறது. டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் பழைய ஆம்பிளிஃபையர் சர்வீஸ் பண்ற ஆளுக இன்னும் இருக்காங்க, அவங்ககிட்ட விசாரிச்சா எங்கயாச்சும் மூலையில இருந்து ஒண்ணு எடுத்துக் குடுப்பாங்க. அப்படி ஒருத்தர்கிட்ட கேட்டப்ப அவரு சொன்னது, "தம்பி, வெளியில பளபளன்னு இருக்கேன்னு பாக்காதீங்க, உள்ள பெல்ட்டு கூழாப் போயிருக்கும், பெல்ட்ட மாத்திட்டு வாங்குங்க." அதுதான் முக்கியம். பெல்ட்டும், டேப்ப இழுத்துக்கிட்டு ஓடுற ரப்பர் உருளையும் ரெண்டும் நல்லா இருந்தா மத்தத பாத்துக்கலாம்.

ஹெட்ட துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வேணும், மொபைல் சர்வீஸ் கடையில ஐ.பி.ஏன்னு கேட்டா குடுப்பாங்க. மெடிக்கல்ல கெடைக்கிற சர்ஜிக்கல் ஸ்பிரிட்டு வேணாம், அதுல வேற என்னென்னமோ கலந்திருக்கும், காஞ்சப்புறம் படலம் நிக்கும். காது குடையிற பஞ்சுக் குச்சியில தொட்டு ஹெட்டு, அது பக்கத்துல சுத்துற கம்பி, ரப்பர் உருளை எல்லாம் துடைங்க. பஞ்சுல பழுப்பு வர்றது நிக்கிற வரைக்கும் துடைக்கணும். பூஞ்சையே இல்லாத கேசட்டுன்னாலும் ஒவ்வொண்ணு ஓட்டி முடிச்சதும் திரும்ப ஒரு தடவ.

அடுத்தது ஹெட்டோட சாய்மானம். இத நெறைய பேரு தொடவே மாட்டாங்க, ஆனா சத்தத்துல அம்புட்டு வித்தியாசம் இதுலதான் இருக்கு. ரெக்கார்ட் பண்ண மெஷினோட ஹெட்டும் உங்க டெக்கு ஹெட்டும் ஒரே கோணத்துல நின்னாத்தான் மேல் சத்தம், சிம்பல், கிட்டார் கம்பி உரசுறது எல்லாம் முழுசா வரும். ஹெட்டுக்கு ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ இருக்கும், அதுல கீழ ஸ்பிரிங் வச்சது எதுவோ அததான் திருப்பணும். டேப்பு ஓடுறப்பவே, ஆம்ப்ளிஃபையர்ல மோனோ பட்டன் போட்டுக்கிட்டு, சின்ன ஸ்க்ரூ டிரைவரால அங்கிட்டும் இங்கிட்டும் இம்மி இம்மியா திருப்புங்க. கால் சுத்துக்கு மேல தேவப்படாது. எந்த எடத்துல சத்தம் பளிச்சுன்னு தெளியிதோ அங்க நிறுத்துங்க. மோனோவுல கேட்டாத்தான் அந்த எடம் காதுக்கு பிடிபடும். ஒரு கேசட்டுக்கு சரி பண்ணது அடுத்ததுக்கு ஒத்துவராது, ஏன்னா அது வேற மெஷின்ல ரெக்கார்ட் ஆனது. ஒவ்வொண்ணுக்கும் மெனக்கெட்டு பண்ணுங்க.

டால்பிங்கறது டேப்பு இரைச்சலக் கொறைக்கிற பட்டன், கேசட் அட்டையில டால்பி 'B'ன்னு டிக் போட்டிருந்தா போடுங்க, இல்லன்னா வேணாம். சந்தேகம்னா ஆஃப்ல வச்சு ஏத்திக்கங்க.

கம்ப்யூட்டருக்கு ஒயர் போடுறது. லேப்டாப்ல இருக்கற ஒத்த ஓட்டையில சொருகாதீங்க, அது மைக்குக்கு உள்ளது, மோனோ, சத்தமும் கிழியும். லைன் இன் வச்ச யு.எஸ்.பி சவுண்ட் இன்டர்ஃபேஸ் ஒண்ணு வேணும், ரெண்டு சேனல் இருந்தா போதும். சாஃப்ட்வேருக்கு ஆடாசிட்டி போதும், காசு கெடையாது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வச்சுக்கங்க. சத்தம் எங்க உச்சத்துக்குப் போனாலும் மைனஸ் 6 டெசிபலுக்கு மேல ஏறாம அளவு வைங்க, கைதட்டு வர்ற எடம்தான் திடீர்னு எகிறும், அத வச்சு பாருங்க. ஒரு மணி நேரத்துக்கு கிட்டத்தட்ட ஒரு ஜி.பி வரும் வேவ் ஃபைலா வச்சா, ஃபிளாக்கா (FLAC, சுருக்கி வைக்கிற ஃபைல் வகை) வச்சா அதுல பாதிக்குப் பக்கத்துல வரும், தரத்துல ஒண்ணும் கொறையாது. எம்.பி 3ய ஃபிரண்டுக்கு அனுப்ப மட்டும் வச்சுக்கங்க, மூலத்த அதுல வைக்காதீங்க.

ரெக்கார்ட் ஓடுறப்ப லேப்டாப் சார்ஜர கழட்டி பேட்டரியில ஓட்டுங்க, ங்ங்ங்னு வர்ற சத்தம் பாதி அதுலயே போகும். ஃபேன் ரெகுலேட்டர் எலக்ட்ரானிக் மாடலா இருந்தா அதையும் அணைங்க, சரசரன்னு ஒண்ணு உள்ள ஏறும். மே மாசம் மத்தியானம் ஃபேன் இல்லாம உக்காருறது கஷ்டந்தான், விடியக்காலையில பண்ணுங்க. ரெண்டு சைடையும் தனித்தனி ஃபைலா, ஆரம்ப இரைச்சல்ல இருந்து கடைசி கிளிக் வரைக்கும். ஒரு மணி நேர நிகழ்ச்சிய சி 60ல புடிச்சவங்க நடுப் பாட்டுல கேசட்ட திருப்பிப் போட்டிருப்பாங்க, அந்த எடைவெளிய ஒட்டி மறைக்காதீங்க.

பி சைடுல வேற எதாச்சும் இருந்தாலும் ஏத்துங்க. ஒரு பக்கம் அமெரிக்கக் கச்சேரி, மறுபக்கம் அழகர் ஆத்துல எறங்குற நேர்முக வர்ணனைன்னு இருந்தா, உண்மையச் சொல்லணும்னா எனக்கு அந்த பி சைடு மேலதான் ஆச வரும். கூட்டத்துச் சத்தம் ரெண்டு பக்கமும் இருக்கும்ல, எது எந்த ஊருன்னு கண்ண மூடிக்கிட்டு கேட்டுப் பாருங்க.

சரி, இப்ப துப்பறியற வேல. ஆடாசிட்டியில ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாத்துங்க, கீழ் சத்தம் கீழயும் மேல் சத்தம் மேலயுமா படமாத் தெரியும். மேல எந்த எடத்துல சத்தம் வெட்டுன மாதிரி நிக்கிதுன்னு பாருங்க. நாலரை அஞ்சு கிலோஹெர்ட்ஸ்ல நின்னு, மேல வெறும் இரைச்சல் மட்டும்னா அது ஷார்ட் வேவ்ல புடிச்சது, அலை அலையா மங்கி வர்றதும் சேந்து இருந்தா சந்தேகமே வேணாம். நம்ம பக்கம் பி.பி.சி வேர்ல்ட் சர்வீஸ் ஓமன் மசீரா தீவுல இருந்தும் சிங்கப்பூர்ல இருந்தும் ரிலே ஆகி அப்ப வந்துச்சு, அது பெரும்பாலும் இங்கயே உக்காந்து புடிச்சதாத்தான் இருக்கும். ஜான் பீல் வேர்ல்ட் சர்வீஸ்லயும் நிகழ்ச்சி பண்ணிருக்காரு, அவரு குரல் வந்தா இந்த ரகமான்னு பாருங்க.

12, 15 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் போய், ரெண்டு சேனலும் வேற வேறயா இருந்தா எஃப்.எம் ஸ்டீரியோ. எஃப்.எம்ல 15 வரைக்கும்தான் சத்தம் விடுவாங்க, 19 கிலோஹெர்ட்ஸ்ல ஸ்டீரியோவுக்குன்னு ஒரு குறிச் சத்தம் போகும், நல்ல டெக்குல புடிச்சிருந்தா எப்பவாச்சும் அது மெல்லிசு கோடா தெரியும். எழுபதுகள்ல மதுரையில எஃப்.எம்மே கெடையாது, நாட்டுலயே மொத எஃப்.எம் 1977ல மெட்ராஸ்லதான் வந்துச்சு, அதனால அந்தக் காலத்து ஸ்டீரியோ கேசட்டுன்னா அது கப்பல்லயோ பிளேன்லயோ வந்ததுன்னு தைரியமா எழுதிக்கலாம். பி.பி.சி ரேடியோ 1 அப்ப மீடியம் வேவ்ல 247 மீட்டர்ல மோனோவா வந்துச்சு, இன் கான்சர்ட் நேரத்துக்கு மட்டும் ரேடியோ 2வோட எஃப்.எம்ம கடன் வாங்கி ஸ்டீரியோவுல விட்டாங்க. அதனால ஒரே கச்சேரி ரெண்டு விதமாவும் சுத்துது.

கரண்ட் ரீங்காரம் இன்னொரு துப்பு. அமைதியான எடமா ஒரு பத்து நொடிய செலக்ட் பண்ணி பிளாட் ஸ்பெக்ட்ரம் (Plot Spectrum, எந்த ஹெர்ட்ஸ்ல எவ்வளவு சத்தம்னு காட்டுற படம்) பாருங்க. நம்ம ஊர் கரண்ட்டு 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவுல 60. டேப்புல 60லயோ 120லயோ மேடு தெரிஞ்சா அது அமெரிக்காவ தொட்டு வந்திருக்கு. சவூதியிலயும் பெரும்பாலும் 60தான், அவசரப்பட்டு முடிவு கட்டாதீங்க. உங்க டெக்கே 50ஐ சேக்கும், அத தெரிஞ்சுக்க கேசட் இல்லாம சும்மா ஒரு நிமிசம் ரெக்கார்ட் பண்ணி ஒப்பிட்டுப் பாருங்க.

இந்த ரீங்காரத்த வச்சே வேகத்தையும் சரி பண்ணலாம். 60ல நிக்க வேண்டியது 61.2ல நின்னா டேப்பு 2 சதவீதம் வேகமா ஓடுது, ஸ்பீடு மாத்துற எஃபெக்ட்ல மைனஸ் 1.96 குடுத்தா சரியா உக்காரும். கிட்டார் சுருதிய வச்சு சரி பண்ணலாமேன்னு தோணும், வேணாம், நெறைய ராக் பேண்டுக அரை சுரம் எறக்கிக் கட்டித்தான் வாசிப்பாங்க, பிசகிரும். வேகம் மாத்துனத வேற பேர்ல சேவ் பண்ணுங்க, மூலத்த தொடாதீங்க. நாய்ஸ் ரிடக்‌ஷனும் அதே மாதிரிதான், கேக்கறதுக்கு ஒரு காப்பியில லேசாப் போட்டுக்கலாம், ரொம்ப போட்டா கைதட்டல் எல்லாம் கோழி றெக்க அடிக்கிற மாதிரி ஆயிரும்.

ஃபைல் கூடவே ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வைங்க. கேசட் கம்பெனி, அட்டையில எழுதியிருக்கறது எழுத்துப் பிழையோட அப்படியே, யாரு குடுத்தது, அறிவிப்பாளர் எத்தனாவது நிமிசத்துல என்ன சொன்னாருன்னு. அட்டைய மொபைல்ல ஃபோட்டோ எடுத்துப் போடுங்க. சித்தப்பா உசிரோட இருந்தா இன்னிக்கே ஃபோன் போட்டு எப்ப, எந்த ரேடியோ, யாரோட உக்காந்து புடிச்சீங்கன்னு கேளுங்க, அவரு ஞாபகம் டேப்பவிட சீக்கிரம் அழியும்.

நெட்ல ஏத்தலாமான்னா, நம்ம காப்பிரைட் சட்டத்துல சொந்த உபயோகத்துக்கு ஒலிபரப்ப ரெக்கார்ட் பண்ணிக்கிறதுக்கு இடம் இருக்கு, ஊருக்கே பரப்புறதுக்கு இல்ல. ஒலிபரப்பு உரிமை 25 வருசம், சவுண்ட் ரெக்கார்டிங் உரிமை 60 வருசம், அதனால ரேடியோ கணக்கு முடிஞ்சாலும் பாட்டுக் கணக்கு முடியாம இருக்கும். வீட்டுக்குள்ள வச்சு கேளுங்க. ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல வைங்க, ஒண்ணு உங்க வீட்ல, இன்னொண்ணு வேற ஊர்ல இருக்கற தங்கச்சி வீட்ல. கேசட்ட திரும்ப பரண்ல ஏத்தாதீங்க, நிமித்தி வச்ச வாக்குல பீரோவுல கீழ்த்தட்டுல வைங்க, ஸ்பீக்கர் பக்கத்துல மட்டும் வேணாம்.